பட்டபாட்டில் கற்கும் பாடம்: வாசகர் கேள்வி பதில்

கீழ்ப்படிதலைப் பற்றி வந்த கடிதங்களில் ஆறு இங்கே. அனுப்பியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் சபையைச் சேர்ந்த நண்பர் தொழிலுக்காக பாங்கில் 3 லட்சம் கடன் வாங்கினார். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். என் மனைவி வேண்டாம் என்றாள். ஜெபிக்கும்போது எனக்கும் மனதில் சமாதானம் இல்லை. ஆனாலும் முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சப்பட்டுப் போட்டுவிட்டேன். எட்டு மாதமாக அவர் தவணை கட்டவில்லை. இப்போது எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. கர்த்தர் என்னைத் தண்டிக்கிறாரா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இதற்குத் தண்டனை என்று பெயர் வைக்காதீர்கள், சகோதரரே. தண்டனை என்று நினைத்தால் பயந்து கிடப்பதோடு உங்கள் வேலை முடிந்துவிடும். இது நீங்கள் போட்ட கையெழுத்தின் பலன். "கையடித்து உடன்பட்டு, கடனுக்காகப் பிணைப்படுகிறவர்களில் ஒருவனாகாதே" என்று நீதிமொழிகள் 22:26 முன்பே சொல்லியிருக்கிறது. ஜெபத்தில் வந்த நெருடலும் மனைவியின் வாய் வழியே வந்த சொல்லும் அதையேதான் சொல்லின. கர்த்தர் அப்போதே பேசிவிட்டார். இப்போதும் பேசுகிறார், அதே நீதிமொழிகளில்தான். அகப்பட்டுக்கொண்டவன் தூங்காமல் போய், தன்னைத் தாழ்த்தி, நண்பனை வருந்திக் கேட்டு, வேடன் கையிலிருந்து குருவி தப்புவதுபோலத் தப்பவேண்டும் என்று 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே இந்த வாரம் வீட்டில் உட்கார்ந்து அழுவது கீழ்ப்படிதல் ஆகாது. எழுந்து நடப்பதுதான் கீழ்ப்படிதல்.

முதலில் மனைவியிடம் போங்கள். "நீ சொன்னாய், நான் கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பணம் போவதைவிட இந்த ஒரு வரியைச் சொல்வது பலருக்குக் கடினம். இதைத் தாண்டாமல் அடுத்த படிகளுக்குப் போனால், வீட்டுக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்துத் தவணை கட்டும் நிலைமைதான் வரும்.

பிறகு நோட்டீஸுக்கு வருவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். "முதலில் அவரிடம் கேளுங்கள், அப்புறம் என்னிடம் வாருங்கள்" என்று பாங்கிடம் சொல்ல முடியாது. நோட்டீஸை அலமாரியில் வைத்துவிட்டால் வட்டியும் அபராதமும் ஏறும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். நண்பரையும் அழைத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போங்கள். நீங்கள் கையெழுத்திட்ட ஜாமீன் பத்திரத்தின் நகலையும் கடன் கணக்கு விவரத்தையும் கேளுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டவோ, ஒரே தொகையாகத் தீர்த்துக்கொள்ளவோ வழி உண்டா என்று கடிதமாகவே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

நீங்கள் கட்ட நேர்ந்தால் கடன் கணக்கில் நேரடியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். நண்பர் கையில் ரொக்கம் கொடுத்து "நீயே கட்டிவிடு" என்று சொல்லாதீர்கள். அந்தப் பணம் வேறு கடனுக்குப் போய்விடும். சட்டத்தின் 145-ஆம் பிரிவு, ஜாமீன்தாரர் முறைப்படி கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடம் திரும்பக் கேட்கும் உரிமையைத் தருகிறது. வழக்குப் போடுவதென்றால் கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போடவேண்டும்.

ஆனால் அவர் உங்கள் சபைக்காரர். மத்தேயு 18:15-17 இதற்கு வரிசை சொல்கிறது: முதலில் தனியே, பிறகு ஓரிருவரைச் சேர்த்துக்கொண்டு, அதன் பிறகே சபையிடம். நம்மவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, சபை முழுக்கப் பேசிவிட்டுக் கடைசியில்தான் அவரிடம் போவார்கள். தனியே போகும்போது, மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அவர் தர முடியாமலே போனாலும் கையெழுத்து உங்களுடையது. "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்று சங்கீதம் 15:4 சொல்லும் மனிதனாக இருப்பதற்கு இந்த முறை சில லட்சங்கள் செலவாகலாம். அந்தச் செலவை மனம் கசக்காமல் செய்வதுதான் இனி நீங்கள் படிக்க வேண்டிய பகுதி.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. வலிப்பு நோய்க்கு இரண்டு ஆண்டாக மாத்திரை சாப்பிடுகிறான். வீட்டில் யாரோ செய்த மறைவான பாவம்தான் காரணம் என்றும், மாத்திரையை நிறுத்தினால்தான் நான் முழுதாகக் கீழ்ப்படிந்தேன் என்று அர்த்தம் என்றும் ஜெபக்குழுவில் சொல்கிறார்கள். (வாசகி, தென்காசி)

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள், அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறோம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்து. அளவைக் குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் சொல்லி, படிப்படியாகச் செய்ய வேண்டிய காரியம்.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கையில் சாவிக்கொத்து கொடுக்க வேண்டாம், வாயில் கரண்டியோ துணியோ திணிக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்த வலிப்பு வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

இப்போது அந்தப் பாவக் கணக்கு. பிறவிக் குருடனைக் காட்டி இதே கேள்வியைச் சீஷர்கள் கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்றும் சொன்னார் (லூக்கா 13:4). யோபுவிடம் பாவத்தைத் தேடிய மூன்று நண்பர்கள்மேல்தான் கர்த்தர் கோபப்பட்டார், யோபுவின்மேல் அல்ல.

சிட்சை (கர்த்தர் கண்டித்துத் திருத்துவது) எது, சாதாரணப் பாடு எது என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. கர்த்தர் சிட்சிக்கும்போது காரியத்தைப் பெயர் சொல்லிக் காட்டுவார். தாவீது ராஜா பாவம் செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் வந்து "நீயே அந்த மனுஷன்" என்றான். எந்தப் பாவம் என்பது இருவருக்கும் தெரிந்தது. பெயரே இல்லாமல் "ஏதோ ஒன்று இருக்கிறது" என்று தாயின் நெஞ்சைப் பிசையும் குரல் அவருடையதல்ல. டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழித்தார். கீழ்ப்படியாததற்குக் கூலி என்று அதை யார் சொல்லத் துணிவார்?

உங்களுக்கு இன்று கிடைத்திருக்கும் கட்டளை எளிமையானது, கடினமானதும்கூட. காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும், அல்லது மருத்துவர் சொன்ன நேரத்துக்கு, தவறாமல் மாத்திரை கொடுப்பது. கொடுக்கும்போது பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபியுங்கள்.

கேள்வி: இயேசு பாவமற்றவர். அப்படியிருக்க, அவர் கீழ்ப்படிதலை "கற்றுக்கொண்டார்" என்று எபிரெயர் 5:8 சொல்வது எப்படி? (வாசகர், மதுரை)

பதில்: முன்பு கீழ்ப்படியாமலிருந்து பிறகு திருந்தினார் என்று அதற்குப் பொருள் இல்லை. கீழ்ப்படிதலுக்கு என்ன விலை என்பதை மனித உடம்பில், மனித மனதில் பட்டு அறிந்தார் என்று பொருள். கிரேக்க மூலத்தில் "எமாதென்" (கற்றார்), "எபாதென்" (பட்டார்) என்ற இரண்டு சொற்களும் எதுகைபோல ஒலிக்கும். நம் மொழியிலும் பட்டறிவு என்றே ஒரு சொல் இருக்கிறதே! "பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டு" என்ற தமிழ் வரி அதனால்தான் காதில் இயல்பாக விழுகிறது. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் ஒரே ஜெபத்தை மூன்று முறை ஜெபித்தார். ஒரு முறை சொன்னதும் மனம் அடங்கிவிடவில்லை என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கும் மூன்றாவது ஜெபம் தேவைப்பட்டால் வெட்கப்பட வேண்டாம்.

பாடு தானாக யாரையும் திருத்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிட்சை சமாதான பலனைத் தருவது "அதில் பழகினவர்களுக்கு" என்கிறது எபிரெயர் 12:11. அதே அடி பட்டு ஒருவர் கசந்துபோவதும் இன்னொருவர் கனிவதும் அந்தப் பழக்கத்தைப் பொறுத்தது. பழகுவதற்கு 119-ஆம் சங்கீதத்தை எடுங்கள். 176 வசனம், எட்டு எட்டாக 22 பகுதி. நாளொன்றுக்கு ஒரு பகுதி, 22 நாள். ஒரு நோட்டில் இடது பக்கம் அன்று உறுத்திய ஒரே வசனம், வலது பக்கம் மறுநாள் இரவுக்குள் செய்து முடித்த ஒரே செயல். வலது பக்கம் காலியாக இருந்தால் அடுத்த பகுதிக்குப் போகாமல் அதையே மறுபடி வாசியுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் அன்றன்றைக்குக் கிடைத்த மன்னா என்ற உணவைச் சேர்த்துவைத்தபோது புழு பிடித்ததுபோல, கேட்டதைச் செய்யாமல் சேர்த்துக்கொண்டே போனால் அதுவும் நாறும்.

கேள்வி: ஆறு ஆண்டுக்கு முன் மளிகைக் கடையில் கணக்கு எழுதினேன். சிறிது சிறிதாக 18,000 ரூபாய் எடுத்தேன். முதலாளி என்னைச் சந்தேகிக்கவில்லை. கூட இருந்த பையனைத்தான் சந்தேகப்பட்டு அனுப்பிவிட்டார். ரட்சிக்கப்பட்ட பிறகு அந்தத் தொகையைச் சபைக் காணிக்கையில் போட்டுவிட்டேன். இருந்தும் நிம்மதி இல்லை. (வாசகர், தூத்துக்குடி)

பதில்: காணிக்கைப் பெட்டி அந்தக் கடைக்காரர் இல்லையே, தம்பி. குற்றஞ்செய்தவன் பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடே ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, "தான் குற்றஞ்செய்தவனுக்கு" செலுத்தவேண்டும் என்கிறது எண்ணாகமம் 5:7. 18,000-க்கு ஐந்தில் ஒரு பங்கு 3,600. மொத்தம் 21,600. ஒரே தடவை முடியாவிட்டால் மாதம் 1,800 வீதம் 12 மாதம். வரி வசூலித்த சகேயு இயேசுவிடம் நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தருவதாகச் சொன்னது மனம் பொங்கிச் சொன்னது. அதை உங்கள்மேல் யாரும் சுமத்தக் கூடாது.

பெயர் எழுதாத உறையில் பணத்தை வைத்துக் கடை ஷட்டருக்குக் கீழே தள்ளிவிட்டு வருகிறவர்கள் உண்டு. பணம் போய்ச் சேரும், அறிக்கை போய்ச் சேராது. முதல் தவணையைக் கையில் எடுத்துக்கொண்டு, கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். எவ்வளவு, எந்த ஆண்டு, எப்படி எடுத்தீர்கள் என்பதை மூன்று வரியில் சொல்லுங்கள். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லாதீர்கள், அது சாக்காகிவிடும். சாட்சி சொல்லவும் ஆரம்பிக்காதீர்கள். அவர் திட்டலாம், போலீசுக்குப் போவேன் என்றும் சொல்லலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அதை ஏற்கும் மனதோடு போங்கள். தனியே போகப் பயமாக இருந்தால் போதகரை அழைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பேசவேண்டியது நீங்கள். முதலாளி இறந்திருந்தால் அவருடைய வாரிசுக்குக் கொடுங்கள். வாரிசே இல்லாவிட்டால்தான் கர்த்தருக்கு என்கிறது அடுத்த வசனம்.

அந்தப் பையன்தான் எங்கள் மனதில் நிற்கிறான். பணத்தைவிடப் பெரிய கடன் அங்கே இருக்கிறது. அவனுக்கு வேலையும் போயிற்று, பெயரும் போயிற்று. முதலாளியிடம் "அவன் எடுக்கவில்லை, நான்தான்" என்று எழுதிக் கொடுங்கள். அதன் நகலோடு அவனைத் தேடிப் போங்கள். அவன் வீட்டாருக்கு முன்பாகவே சொல்லுங்கள், ஏனென்றால் அவன் தலைகுனிந்தது அவர்களுக்கு முன்பாகத்தான். அவன் மன்னிக்க மறுத்தாலும் சொல்லத்தான் வேண்டும். இது முடிந்த பிறகு சபையில் சாட்சி சொல்லலாம். அதற்கு முன் வேண்டாம்.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். போன மாதம் கை எலும்பு முறிந்தது. "கீழ்ப்படிந்திரு, உன் பொறுமையால் அவர் மாறுவார்" என்கிறார்கள் சபையில். (ஒரு சகோதரி, ஊர் வேண்டாம்)

பதில்: அடி வாங்குவது கீழ்ப்படிதல் அல்ல, சகோதரி. உங்களுக்கு எபேசியர் 5:22-ஐ வாசித்துக் காட்டுகிறவர்கள், "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்ற 21-ஐயும், கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோலப் புருஷன் அன்புகூரவேண்டும் என்ற 25-ஐயும் அவருக்கு வாசித்துக் காட்டினார்களா? சவுல் ராஜா தாவீதைக் கொல்ல ஈட்டியை எறிந்தபோது தாவீது சுவரோரம் நின்று பொறுமை காக்கவில்லை. விலகி, அன்று இராத்திரியே ஓடிப்போனான். பிறகு சவுல் கையில் கிடைத்தும் பழிவாங்கவில்லை. தப்புவதும் பழிவாங்காதிருப்பதும் ஒரே மனிதனிடம் சேர்ந்திருக்க முடியும்.

181-ஐ அழையுங்கள். அது பெண்களுக்கான உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 112. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு உத்தரவும் அதே வீட்டில் குடியிருக்கும் உரிமைக்கான உத்தரவும் கேட்கலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். எலும்பு முறிவுக்குச் சிகிச்சை எடுத்த சீட்டு, எக்ஸ்ரே இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். "வழுக்கி விழுந்தேன்" என்று மருத்துவமனையில் இனி சொல்லாதீர்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாங்க் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, சபைப் பதிவேட்டிலிருந்து எடுத்த திருமணச் சான்று, இரண்டு செட் துணி, கொஞ்சம் ரொக்கம் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, நம்பிக்கையான அக்கம்பக்கத்து வீட்டில் வைத்துவிடுங்கள். அவர் மாறுவதற்காக ஜெபியுங்கள். அந்த ஜெபத்தை அவர் கை எட்டாத இடத்தில் இருந்தும் செய்யலாம்.

கேள்வி: சொத்துப் பாகப்பிரிவினையில் அண்ணனோடு சண்டை. 12 ஆண்டாகப் பேச்சில்லை. திருவிருந்தில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் "போய்ப் பேசு" என்று உள்ளே கேட்கும். நான் போகவில்லை. இப்போது அவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இனிப் போனால் சாகப்போகிறார் என்று வந்ததாகத் தோன்றாதா? காலம் தாழ்ந்த கீழ்ப்படிதலைக் கர்த்தர் ஏற்பாரா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: இரண்டு சம்பவங்களை வைத்துப் பாருங்கள். ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாள் பயணம். அங்கிருந்து கர்த்தர் வாக்களித்த கானான் தேசத்துக்குள் போகச் சொன்னபோது இஸ்ரவேலர் மறுத்தார்கள். மறுநாள் காலையில் மனம் மாறி, மோசே தடுத்தும் ஏறிப்போய், ஓர்மாவரைக்கும் துரத்தப்பட்டார்கள். அந்த வாசல் அந்தத் தலைமுறைக்கு அடைபட்டுவிட்டது. நினிவேக்குப் போகச் சொல்லியும் தப்பியோடிய யோனாவுக்கோ, மீன் அவனைக் கரையில் கக்கிய பிறகு "இரண்டாந்தரம்" வார்த்தை உண்டாயிற்று. அதே நினிவே, அதே கட்டளை. சில வாய்ப்புகள் போனால் போனதுதான். ஆனால் "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" என்பது (மத்தேயு 5:24) அண்ணன் மூச்சு விடும்வரை திறந்திருக்கும் கட்டளை. சாகப்போகிறார் என்று வந்ததாக அவர் நினைத்தால் நினைக்கட்டும். அந்த அவமானம் நீங்கள் தாமதித்த 12 ஆண்டின் வட்டி. கட்டிவிடுங்கள்.

டயாலிசிஸ் முடிந்த அன்று உடம்பு மிகவும் களைத்திருக்கும், அன்று போகாதீர்கள். இடைப்பட்ட நாளில், மாலையில் போங்கள். முதலில் அண்ணிக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். உங்கள் மனைவியும் பிள்ளைகளும் இரண்டாம் முறை வரட்டும். பத்திரமோ அளந்த வரைபடமோ கையில் இருக்க வேண்டாம், சொத்துப் பேச்சை அவர் எடுத்தாலும் "அதை அப்புறம் பேசலாம், அண்ணே" என்று விட்டுவிடுங்கள். முதல் வாக்கியம் "தப்பு என்னுடையது, மன்னிச்சிருங்க" என்பதாக இருக்கட்டும். அதற்குப் பின்னால் "ஆனாலும்" வரக் கூடாது. வெறுங்கையோடு போகக் கூடாது என்று வாழைப்பழமும் ஆரஞ்சும் இளநீரும் வாங்கிப் போய்விடாதீர்கள். அவற்றில் பொட்டாசியம் அதிகம், அவருக்கு ஆகாது. எதைச் சாப்பிடலாம் என்று அண்ணியிடம் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.